கழிமுகத்தில் காத்திருக்கும் ஓங்கில்

அந்தக் காலத்தில் மீனுக்கு ஒரு பேச்சு, பறவைக்கு ஒரு பேச்சு, மனிதருக்கு ஒரு பேச்சு என்று பிரிந்திருக்கவில்லை. கரையில் நின்று ஒருத்தி கூப்பிட்டால் தண்ணீருக்குள் இருப்பதும் திரும்பிப் பார்க்கும், வானத்தில் போவதும் திரும்பிப் பார்க்கும். கூப்பிட்டது யாரை என்பதில்தான் சில சமயம் சண்டை வரும்.

அப்போது கிழக்குக் கடலோரத்தில் ஊரிக்குப்பம் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே நீளமான ஒரு காயல். காயலையும் கடலையும் பிரித்தது ஒரு மணல்கரை மட்டும்தான். அந்தக் கரையில் ஓரிடத்தில் வாய் திறந்தாற்போல ஒரு வழி இருந்தது. அதைக் கழிமுகம் என்பார்கள். நீர் ஏறும்போது கடல் அதன் வழியாக உள்ளே வரும். நீர் வற்றும்போது காயல் அதன் வழியாக வெளியே போகும்.

காயலில் பூநாரைகள் குடியிருந்தன. இப்போதுபோல வந்துபோகிற விருந்தாளிகள் அல்ல, ஆண்டு முழுவதும் அங்கேதான். காயலின் நடுவே இருந்த சேற்றுத் திட்டில் காலால் மண்ணைக் கொஞ்சம் பறித்து, அந்தப் பள்ளத்தில் ஆளுக்கொரு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. ஓங்கில்களும் இருந்தன. இப்போது டால்பின் என்கிறோமே, அவைதான். அவற்றுக்குக் கடலும் வீடு, காயலும் வீடு. நினைத்தபோது உள்ளே வரும், நினைத்தபோது வெளியே போகும்.

கழிமுகம் தானாகத் திறந்து கிடக்கவில்லை. அலை நாள்தோறும் மணலைக் கொண்டுவந்து அங்கே கொட்டும். பூநாரைகள் நாள்தோறும் காலையில் அங்கே வந்து இரை தேடும். அவை இரை தேடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் நின்று இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதிக்கும். மிதிக்க மிதிக்க ஈர மணல் கூழாகும். அதற்குள் ஒளிந்திருக்கும் புழுவும் பொடி இறாலும் மேலே வரும். கூழான மணலை வற்றுகிற நீர் இழுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். இப்படித்தான் வாய் அடையாமல் இருந்தது. யாரும் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. பறவைக்கு இரை கிடைத்தது, மற்றவர்களுக்கு வழி கிடைத்தது.

ஊரிக்குப்பத்தில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளிடம் வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நடந்து, அடிச்சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததை இடுப்பில் கட்டியிருக்கும் பறியில் போட்டுக்கொள்வாள். பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. அவள் புருஷன் துளசிங்கம் உப்பு வாருகிறவன். இரண்டு பேருக்கும் நாள் முழுவதும் தண்ணீரில்தான் வேலை என்பதால் வீட்டில் பேச்சு குறைவு. ஆனால் காத்தாயியின் விரலுக்குக் கண் உண்டு என்று ஊரில் சொல்வார்கள். சேற்றுக்குள் தொட்டது இறாலா நண்டா கல்லா என்று தொட்ட நொடியில் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வருஷம் ஐப்பசி மாதம் ஓர் ஓங்கில் தனியாகக் காயலுக்குள் வந்தாள். அவளுக்கு நிறைமாதம். வெளியே கடலில் அந்த வருஷம் சுறாக்கள் அதிகம். பிரசவத்துக்கு அமைதியான தண்ணீர் தேடி வந்திருந்தாள். காத்தாயி இறால் தடவிக்கொண்டிருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குட்டி பிறந்தது. பிறந்ததும் மூழ்கப் பார்த்த குட்டியைத் தாய் மூக்கால் மேலே தள்ளினாள். அது முதல் மூச்சை இழுத்து, தும்மியது. காத்தாயி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதே அக்கா," என்றாள் ஓங்கில், களைப்போடு. "எனக்கே சிரிப்பு வருது. சிரிச்சா வலிக்குது."

பிறகு கேட்டாள். "இதுக்கு அலையைத் தாண்டுற தெம்பு வரணும். தை பௌர்ணமி வரைக்கும் நாங்க இங்கதான் இருக்கணும். அது வரைக்கும் கழிமுகம் திறந்திருக்குமா?"

"அதை நான் எப்படிச் சொல்றது? மிதிக்கிறவங்களைக் கேளு."

பூநாரைக் கூட்டத்துக்குத் தலைவி ஒருத்தி இருந்தாள். கழுத்து மற்றவற்றைவிட ஒரு சாண் நீளம் என்பதால் நெட்டைக்கழுத்தி என்று பெயர். அவள் குட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"நான் பொறந்ததுலேர்ந்து அந்த வாய் மூடிப் பாத்ததில்ல. போய்ப் புள்ளைக்குப் பால் குடு," என்றாள்.

ஊர்த் தலைவர் அஞ்சப்ப நாட்டாரும் அன்று கரையில் நின்றிருந்தார். "வாய்க்குப் பக்கத்துல மணல் சேர்ந்தா எங்க ஆளுங்களும் மண்வெட்டி எடுத்து வருவாங்க. இது ஊர் வாக்கு," என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை.

ஐப்பசி போயிற்று. கார்த்திகையில் மேகம் கூடி, கடலுக்கு மேலேயே பெய்துவிட்டுப் போயிற்று. ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் காயல் நிறையும், காயல் நிறைந்தால்தான் கழிமுகத்து மணலை வேகமாகத் தள்ளும். ஆறு வரவில்லை. காயல் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை இறங்கியது. பெரிய அலைகள் மட்டும் வழக்கம்போல மணலைக் கொட்டின.

தண்ணீர் இறங்கியதில் ஊருக்கு ஒரு நன்மை இருந்தது. அகலமாகப் பரவிக் கிடந்த மீனெல்லாம் காயலின் நடுவே ஆழமாக இருந்த மடுவில் வந்து நெருக்கியடித்தன. மடவையும் கொடுவாவும் கையால் அள்ளலாம் போலிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருஷம் ஊரிக்குப்பத்தில் பஞ்சம். புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றவர்கள் அவர்கள். இப்போது வீட்டுக்கு வீடு கருவாடு காய்ந்தது.

பூநாரைகளுக்கும் அதே நன்மை. சேற்றுத் திட்டு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. இடம் கிடைக்காமல் முந்தைய வருஷங்களில் முட்டையிடாத இளம் பறவைகள்கூட அந்த வருஷம் முட்டையிட்டன. தண்ணீர் இறங்க இறங்க அதன் பின்னாலேயே இறங்கிப் போய், ஈரம் காயாத சேற்றில் பள்ளம் பறித்து உட்கார்ந்தன. திட்டு முழுவதும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருந்தது. நெட்டைக்கழுத்தி நான்கு வருஷமாக முட்டையிடவில்லை. அந்த வருஷம் அவளும் இட்டாள்.

மார்கழியில் ஒரு நாள் காலை அவள் கழிமுகத்தில் நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். கடல் பக்கத்திலிருந்து ஓர் அலை உள்ளே வந்து அவள் கால்மூட்டு வரைக்கும் ஏறி, காயலுக்குள் ஓடியது. அது போகிற வழியையே பார்த்தாள். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இன்றைக்கு இவ்வளவு தண்ணீர். தை பௌர்ணமிக்குக் கடல் எவ்வளவு ஏறும்? அது இந்த வாய் வழியாக உள்ளே வந்தால் திட்டின் கீழ்ப்பாதி என்ன ஆகும்? கீழ்ப்பாதியில் எத்தனை முட்டை இருக்கிறது? அதில் தன்னுடையதும் ஒன்று அல்லவா?

அவளுக்குப் பக்கத்தில் மற்றப் பறவைகள் மிதித்துக்கொண்டிருந்தன. நெட்டைக்கழுத்தி காலை ஊன்றி, அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பறந்து காயலின் மறு மூலைக்குப் போய் அங்கே இரை தேடினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தலைவி போன இடத்துக்குத்தானே கூட்டம் போகும்? மறுநாள் பாதிப் பறவைகள் அங்கே போயின. அதற்கு மறுநாள் கழிமுகத்தில் ஒரு பறவைகூட இல்லை.

மணல் சேர்வதை அஞ்சப்ப நாட்டாரும் பார்த்தார். மண்வெட்டி வீட்டில் இருந்தது. வாய் திறந்திருந்தால் மடுவில் இருக்கிற மீன் கடலுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று நினைத்தார். அந்த இரண்டு நாள் பத்து நாளாயிற்று. வாய் மூடிக்கொண்டது. நாற்பது முழ அகலத்துக்கு மணல் மேடிட்டுக் காய்ந்தது. குழந்தைகள் அதன்மேல் ஓடி விளையாடின.

காத்தாயி மடுவின் ஓரத்தில் இறால் தடவப் போனாள். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது, வெந்நீர்போலச் சுட்டது. குனிந்து தடவியபோது விரலில் வழுவழுப்பாக ஏதோ பட்டது. அது இறால் இல்லை, நண்டு இல்லை, கல்லும் இல்லை. முதன்முறையாக அவள் விரலுக்குத் தெரியவில்லை. கலங்கலை ஒதுக்கிப் பார்த்தாள். ஓங்கில் குட்டி. முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் தாய் படுத்திருந்தாள். அவள் மூக்குநுனி முழுவதும் சிராய்ப்பு.

"என்னடி தங்கச்சி இது?"

"வாய் மூடிப்போச்சு அக்கா. நேத்துப் போய் மோதிப் பாத்தேன். மணல் அசையல." அவள் மூச்சு விட்டு விட்டு வந்தது. "தண்ணி சூடா இருக்குது. எனக்கே மூச்சு முட்டுது. இது சரியாப் பால் குடிக்கமாட்டேங்குது. அது முதுகு மேல கொஞ்சம் தண்ணி ஊத்து. எனக்குக் கை இல்ல."

காத்தாயி இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஊற்றினாள். பிறகு, "இதை நான் தூக்கிட்டுப் போய்க் கடல்ல விடறேன்," என்றாள்.

"பால் இங்கதானே இருக்குது?" என்றாள் ஓங்கில்.

ஓங்கிலைத் தூக்க முடியாது. எருமை எடை. காத்தாயி நிமிர்ந்தாள். ஈரச் சேலையோடு நேராக அஞ்சப்ப நாட்டார் வீட்டுக்குப் போனாள்.

"நாட்டாரே, ஊர் வாக்கு என்னாச்சு?"

அவர் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. "வாக்கு வாக்குதான் காத்தாயி. யார் இல்லேன்னது? பௌர்ணமி கழியட்டும். இந்தக் கருவாடு காஞ்சா பங்குனி வரைக்கும் ஊர் சாப்பிடும். போன வருஷம் என் பேத்தி பசியில அழக்கூட முடியாமப் படுத்துக் கெடந்தாளே, நீதானே வந்து கஞ்சித்தண்ணி ஊத்தினே. மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்ப எதுக்குக் கேக்கற?"

"அன்னைக்கு நான் பௌர்ணமி கழியட்டும்னு சொல்லலியே," என்றாள் காத்தாயி.

அவர் அடுத்த கருவாட்டை எடுத்தார். அவள் திரும்பி நடந்தாள். நீர் வற்றிய சேற்றில் கால் புதையப் புதைய நடந்து திட்டுக்குப் போனாள். நெட்டைக்கழுத்தி தன் முட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். காத்தாயி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். எதற்கு வருகிறாள் என்பதும் தெரிந்துவிட்டது.

"குட்டி இன்னும் இருக்குதா?" என்று அவளே கேட்டாள்.

"இருக்குது. எத்தனை நாளோ தெரியல. ஏன்க்கா மிதிக்கிறதை நிறுத்தினே?"

நெட்டைக்கழுத்தி எழுந்து கொஞ்சம் நகர்ந்தாள். முட்டை தெரிந்தது. அது இருந்த பள்ளத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்தான். காத்தாயி அதைப் பார்த்தாள். பிறகு திட்டு முழுவதையும் பார்த்தாள். கீழே, இன்னும் கீழே, தண்ணீர் ஓரம் வரைக்கும் முட்டைகள். அவள் அங்கேயே சேற்றில் குந்திவிட்டாள்.

"எனக்கு இது தோணவே இல்லக்கா," என்றாள்.

"எனக்குத் தோணிச்சு. அதான் நிறுத்தினேன். அவ கேட்டப்போ சரின்னு சொன்னவளும் நான்தான். ரெண்டும் நான்தான். நீ திட்டறதானா திட்டிட்டுப் போ."

காத்தாயி திட்டவில்லை. முட்டையை அடுத்த சேற்றைக் கையால் தடவிப் பார்த்தாள். நல்ல களிமண். பிசைந்தால் நிற்கும்.

"பௌர்ணமிக்கு எத்தனை நாள்? அன்னைக்குக் கடல் ஏறும்போதுதான் வாயைத் திறக்க முடியும்."

"மூணு."

"முட்டையை எடுத்துட்டு அடியில மண்ணைக் குவிச்சு, மேல வெச்சா?"

"ஒரு முழமாவது உயரணும்."

"ஒரு முழம் ஒசத்தலாம்."

"எத்தனை ஒசத்துவே காத்தாயி?"

"தெரியாது. கை ஓயற வரைக்கும்."

அவள் ஊருக்குப் போய்த் துளசிங்கத்தைக் கூட்டிவந்தாள். அவன் உப்பு வாருகிற பலகையோடு வந்தான். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அவன் பலகையால் களியைத் தள்ளிக் கொடுப்பான். காத்தாயி ஒரு கையில் முட்டையை ஏந்திக்கொண்டு மறு கையால் மண்ணைக் குவிப்பாள். ஒரு கை போதவில்லை. பறிக்குள் கொஞ்சம் கோரையை வைத்து, முட்டையை அதில் வைத்து, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அப்போது இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்தன. இந்தப் பக்கத்தில் கையால் இறால் பிடிக்கிற பெண்கள் பறியை வாயில் கடித்துக்கொண்டுதான் தடவுகிறார்கள். அது அவளிடமிருந்து வந்த பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம்.

முதலில் தலைவியின் முட்டையைத்தான் எடுக்கப் போனாள். "என்னதை விடு. கடைசியில பாத்துக்கலாம். கீழ இருக்கறதுலேர்ந்து ஆரம்பி," என்றாள் நெட்டைக்கழுத்தி.

கீழே இருந்தவை எல்லாம் முதன்முதலாக முட்டையிட்ட இளம் பறவைகள். மனுஷி முட்டையைத் தொட்டதும் கத்தின, கொத்தின. காத்தாயியின் முழங்கை முழுவதும் ரத்தம். இரண்டாம் நாள் அவற்றுக்கே புரிந்துவிட்டது. அலகால் சேற்றை அள்ளித் தாங்களே குவிக்கத் தொடங்கின. ஆனாலும் பறவை அலகு எவ்வளவு அள்ளும்? மூன்று நாளில் முந்நூறுக்கும் குறைவான முட்டைகளே உயரத்துக்குப் போயின. திட்டில் இருந்தவை ஆயிரத்துக்கு மேல்.

நடுவில் நேரம் கிடைத்தபோதெல்லாம் காத்தாயி மடுவுக்கு ஓடிப் போய்க் குட்டியின் முதுகில் தண்ணீர் ஊற்றினாள். எங்கே போகிறாய், ஏன் உடம்பெல்லாம் சேறு என்று ஓங்கில் கேட்டாள். "வேலை இருக்குது," என்று மட்டும் சொன்னாள். முட்டைகளைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் ஓங்கில் தன் குட்டிக்காக இனி எதையும் கேட்கமாட்டாள் என்று காத்தாயிக்குப் பயம்.

பௌர்ணமி அன்று பிற்பகல் கடல் ஏறத் தொடங்கியது. காத்தாயியும் துளசிங்கமும் மணல்மேட்டில் வாய்க்கால் தோண்டினார்கள். காய்ந்த மணல். இரண்டு கை அள்ளினால் ஒன்றரைக் கை திரும்பச் சரிந்தது. வெயில் சாயும்வரை தோண்டியும் ஆழம் முழங்கால்கூட இல்லை.

"இது ஆவற வேலையில்ல புள்ள," என்றான் துளசிங்கம். ஆனாலும் தோண்டுவதை நிறுத்தவில்லை.

மடுவில் ஓங்கில் குட்டியைத் தன் முதுகின்மேல் ஏற்றிப் பிடித்திருந்தாள். அது தானாக மேலே வந்து மூச்சு வாங்கும் நிலையில் இல்லை. அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு முறை குட்டி நழுவும்போதும் மறுபடி மேலே தூக்கினாள். திட்டிலிருந்து பார்த்தால் அது நன்றாகத் தெரியும்.

நெட்டைக்கழுத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முட்டை இன்னும் உயரவில்லை. முட்டைக்குள் குஞ்சு அசைவது அவள் வயிற்றுக்குத் தெரிந்தது. உள்ளே இருந்து ஓட்டைத் தட்டுகிற சத்தம்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு நாளில் வெளியே வந்திருக்கும்.

அவள் எழுந்தாள். முட்டையை அலகால் ஒருமுறை புரட்டி வைத்தாள். பிறகு பறந்து வந்து மணல்மேட்டின் கடல் பக்கத்தில், அலை வந்து நனைத்துப் போகிற இடத்தில் இறங்கினாள். மிதிக்கத் தொடங்கினாள்.

காத்தாயி தோண்டுவதை விட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, உன் முட்டை..."

"பேசாம தோண்டு," என்றாள் நெட்டைக்கழுத்தி.

ஒரு பறவை மிதித்து என்ன ஆகும்? ஆனால் தலைவி போன இடத்துக்குத்தான் கூட்டம் போகும். பத்துப் பறவைகள் வந்தன, பிறகு நூறு, பிறகு ஆயிரம். உயரமான கூட்டில் முட்டை இருந்தவை வந்தன, இல்லாதவையும் வந்தன. ஈர மணலை மிதித்து மிதித்துக் கூழாக்கின. அலை வந்து கூழை இழுத்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து மிதித்தன. அலை அங்கேயும் வந்தது.

அஞ்சப்ப நாட்டார் ஆட்களோடு ஓடி வந்தார். மீன் போய்விடும் என்று தடுக்கத்தான் வந்தார். மேட்டின்மேல் நின்று பார்த்தார். தங்கள் கூட்டுக்குள் தாங்களே கடலைக் கூட்டிவருகிற ஆயிரம் பறவைகளைப் பார்த்தார். அவர் கையில் மண்வெட்டி இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், வாய்க்காலுக்குள் இறங்கினார். அவர் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கினார்கள்.

நிலா கடலுக்குமேல் எழும்பும்போது மணல்மேடு உடைந்தது. முதலில் ஒரு சின்ன ஓடை, பிறகு ஆறு. கடல் இரைச்சலோடு உள்ளே வந்தது. பறவைகள் எழும்பின. ஆட்கள் இரண்டு பக்கமும் ஏறி நின்றார்கள். குளிர்ந்த தண்ணீர் மடுவை எட்டியதும் ஓங்கில் குட்டி உடம்பை ஒருமுறை உதறியது. தாயின் முதுகிலிருந்து இறங்கியது. தானாக மேலே வந்து மூச்சு வாங்கியது.

தண்ணீர் திட்டின்மேல் ஏறியது. உயர்த்திய கூடுகள் மட்டும் தீவுகளைப்போல நின்றன.

நீர் வற்றத் தொடங்கியதும் ஓங்கில் குட்டியோடு கழிமுகத்துக்கு வந்தாள். வற்றுகிற நீர் எல்லாவற்றையும் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று மிதந்து போனது. இன்னொன்று போனது. பிறகு பத்து, நூறு. நிலவில் அவை நுரை என்றுதான் முதலில் நினைத்தாள். ஒன்றை மூக்கால் தொட்டுப் பார்த்தாள். அது முட்டை. ஓட்டில் இன்னும் திட்டுச் சேறு ஒட்டியிருந்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கரையில் நெட்டைக்கழுத்தி நின்றிருந்தாள். காத்தாயியும் அருகில் இருந்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள் ஓங்கில். "சத்தியமா எனக்குத் தெரியாது. யாரும் சொல்லலியே."

"நான்தான் சொல்லல," என்றாள் காத்தாயி.

"உனக்குத் தெரியாது," என்றாள் நெட்டைக்கழுத்தி. "எனக்குத் தெரியும். உன் குட்டி உள்ள இருக்குதுன்னு தெரிஞ்சுதான் காலை நிறுத்தினேன். ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, பத்து நாளுக்கு மேல. அதை யாரும் என்கிட்டக் கேக்க வேண்டாம். நானே கேட்டுக்கறேன்."

குட்டி தாயைச் சுற்றிச் சுற்றி நீந்தியது. அதற்குப் பசி வந்துவிட்டது.

"இனிமே எங்க இனம் காயலுக்குள்ள வராது," என்றாள் ஓங்கில். "நாங்க உள்ள இருந்தா வாய் திறந்திருக்கணும்னு கேப்போம். கேக்கற நிலைமையே வேண்டாம்."

"நீங்க வராட்டாலும் வாய் திறந்துதான் இருக்கணும்," என்றாள் நெட்டைக்கழுத்தி. "வாய் மூடின நாள்ல தண்ணி எப்படி ஆச்சுன்னு பாத்தேன். இன்னும் பத்து நாள் மூடியிருந்தா இறாலும் இல்ல, மீனும் இல்ல, நாங்களும் இல்ல. தப்பு வாய் மேல இல்ல. நாங்க முட்டை வெச்ச இடத்து மேலதான் இருக்குது. வடக்கே ரொம்ப தூரத்துல, கடல் ஏறாத உப்புச் சேறு இருக்குதாம். அங்க போய் முட்டை வைக்கறோம். இந்த மனுஷி செஞ்சு காட்டின மாதிரி மண்ணை ஒசத்தி வைக்கறோம். குஞ்சு பறக்க ஆரம்பிச்சதும் இங்க வந்து மிதிக்கறோம்."

"அவ்வளவு தூரம் குஞ்சு பறந்து வருமா?"

"தெரியாது. போயிப் பாத்தாத்தான் தெரியும்."

ஓங்கில் கேட்க நினைத்ததைக் கேட்கக் கூச்சப்பட்டாள். கடைசியில் கேட்டுவிட்டாள். "பொரிச்சா, எனக்குக் காட்டுவியா?"

நெட்டைக்கழுத்தி கழுத்தைத் தாழ்த்தி அவள் குட்டியைப் பார்த்தாள், பிறந்த அன்று பார்த்ததைப்போல. பிறகு எழும்பித் திட்டை நோக்கிப் பறந்தாள்.

உயரத்தில் வைத்த முட்டைகள் பொரித்தன. அந்தக் குஞ்சுகள் பறக்கக் கற்றதும், வைகாசியில், கூட்டம் முழுவதும் வடக்கே போயிற்று. காயல் வெறிச்சென்று கிடந்தது. கழிமுகத்தில் மணல் சேர்ந்தபோது அஞ்சப்ப நாட்டார் முதல் ஆளாக மண்வெட்டியோடு போனார். பங்குனி வரைக்கும் வரவேண்டிய கருவாடு மாசியிலேயே தீர்ந்து, ஊர் மறுபடி கொஞ்சம் பட்டினி கிடந்தது என்பதும் உண்மைதான். அதைப் பற்றி அவர் காத்தாயியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த மார்கழி வந்தது. ஓங்கில் குட்டியோடு கழிமுகத்துக்கு வெளியே வந்து காத்திருந்தாள். குட்டி இப்போது அவளில் பாதி வளர்ந்துவிட்டது. ஒரு நாள் காலை வடக்கே வானத்தில் சத்தம் கேட்டது. பூநாரைகள் வரிசை வரிசையாக வந்து காயலுக்குள் இறங்கின. இறங்கிய சத்தம் கேட்டது, மிதிக்கிற சத்தம் கேட்டது. ஆனால் நடுவே மணல்கரை உயரமாக மறைத்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போகலாம், வாய் திறந்துதான் இருந்தது. ஆனால் போவதில்லை என்று சொல்லிவிட்டாளே.

காத்தாயி கரையில் நின்றிருந்தாள். "அக்கா, குஞ்சு வந்திருக்குதா?" என்று ஓங்கில் கூப்பிட்டுக் கேட்டாள். காத்தாயி காயல் பக்கம் பார்த்தபடியே நின்றாள். கையை மட்டும் நீட்டி உள்ளே காட்டினாள்.

ஓங்கில் ஆழத்துக்குப் போனாள். அங்கிருந்து முழு வேகத்தில் மேலே வந்து, தண்ணீரை விட்டே எம்பினாள். மணல்கரைக்கு மேலே, ஒரு நொடி, காயல் முழுவதும் தெரிந்தது. இளஞ்சிவப்புக் கூட்டத்துக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னதாக, கால் நீளம் போதாமல் தடுமாறிக்கொண்டு, குஞ்சுகள். நெட்டைக்கழுத்திக்குப் பக்கத்திலும் ஒன்று. அது அவளைப் பார்த்துப் பார்த்து மிதிக்கப் பழகிக்கொண்டிருந்தது.

விழுந்தாள். சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம். மறுபடியும் எம்பினாள். பக்கத்தில் அவள் குட்டியும் எம்பியது.

இப்போதும் மார்கழி, தை மாதங்களில் காயலுக்குப் படகில் போகிறவர்கள் இதைப் பார்க்கலாம். பூநாரைகளோடு சாம்பல் நிறக் குஞ்சுகள் வந்திருக்கும். கழிமுகத்துக்கு வெளியே ஓங்கில்கள் துள்ளும். வந்தவர்கள் அவை விளையாடுகின்றன என்று கைதட்டுவார்கள். படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார்.

அந்த மார்கழிக் காலையிலிருந்துதான், காயலுக்குள் வராத ஓங்கில், தண்ணீரை விட்டு எம்பி எம்பி உள்ளே பார்க்கிறது.